நோய்க்கு எண் போடுவது எப்படி?



நம்ம பாலிடெக்னிக்கில் படித்து முடித்த அண்ணன், அக்காமார் சிலர் 'மெடிக்கல் கோடிங்' வேலைக்குப் போகிறார்கள். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தது நான்தான். "அது என்ன வேலை?" என்று அம்மா கேட்டால் சொல்லத் தெரியணுமே என்றுதான் இதைப் படித்தேன்.

டாக்டர் எழுதிய நோயை எண்ணாக மாற்றுவதே கோடிங். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய்ப் பட்டியல்தான் அதற்கு அடிப்படை. அதன் பத்தாம் பதிப்பின் அமெரிக்க வடிவம் 2015 அக்டோபர் 1 முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஓர் உதாரணம்: உயரத்தால் வரும் நோய்.

கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற மலையுச்சி 4,302 மீட்டர் உயரம். காரிலேயே மேலே போய்விடலாம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதமே. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம்.

டாக்டர் 'மலை நோய்' என்று எழுதினால் எண் டி70.29. 'உயரத்தால் பாதிப்பு' என்று மட்டும் எழுதினால் டி70.20. இதில் 'டி' என்பது டீச்சருக்கு வரும் டி. ஏழு இடம் நிரம்பணும் என்பதால் டி70.29எக்ஸ்ஏ என்று முடியும். எக்ஸ் வெறும் இட நிரப்பி. ஏ என்றால் முதல் தடவை வந்தவர் என்று அர்த்தமில்லை. நோய்க்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை ஏ-தான்.

இன்னொருவர் அதே அளவு உயரத்தில் பல வருஷம் வாழ்பவர். ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. பெரு நாட்டின் செரோ தெ பாஸ்கோவைச் சேர்ந்த நோயாளி ஒருவரிடம் இதைக் கண்டு, 1925-இல் விவரித்தவர் டாக்டர் கார்லோஸ் மோங்கே. இதற்கு எண், டாக்டருக்கு வரும் டி போட்டு, டி75.1. அது ரத்த நோய்கள் அத்தியாயம். உயரம் ஒன்று, அத்தியாயம் இரண்டு!

மூன்றாமவருக்கு நுரையீரலில் திடீரென்று நீர் கோத்துவிட்டது. 'உயரத்தால்' என்று டாக்டர் எழுதியிருந்தால் டி70.29. அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் ஜே81.0. அப்போது மலை கணக்கிலேயே வராது. கோடிங் செய்பவர் தானாக ஊகித்து எழுதக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான் போடணும்.

மெக்கானிக்கல் நண்பர்களே, உங்களுக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு. ஹைட்ராலிக் குழாயிலிருந்து பீறிட்ட எண்ணெய் தோலைத் துளைத்தால் டி70.4. வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "கையில் காயம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதனால், எங்கே என்றும் சொல்லுங்கள். நாம் சொன்னால்தான் டாக்டர் எழுதுவார்; அவர் எழுதினால்தான் அது எண்ணாகும்.