செம்மங்குப்பத்துச் சவுக்குத் தோப்பில் கிறிஸ்துமஸ் மரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பெருஞ்சாலையில், முதுநகரைத் தாண்டித் தெற்கே சிறிது தூரம் வந்ததும், சிப்காட் தொழிற்பேட்டையின் மதிற்சுவர்களும் புகைபோக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, இனி இந்தப் பிரதேசத்தில் பசுமைக்கே இடமில்லையோ என்று மனம் சலிக்கும் தறுவாயில் செம்மங்குப்பம் வந்து சேரும். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் மரம் வைக்கும் வழக்கமுள்ள அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்பும் யோசனை இதுதான்: பட்டணத்துக் கடையில் பச்சைப் பிளாஸ்டிக்கை விலை கொடுத்து வாங்குவதை விட்டு, டிசம்பர் இருபதாம் தேதிக்கு மேல் ஒரு காலைப் பொழுதில் மனைவி மக்களுடன் புறப்பட்டு, இந்தச் செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், தியாகவல்லி வட்டாரத்துச் சவுக்குத் தோப்பு ஒன்றுக்குப் போய், தோப்புக்காரரிடம் முறைப்படி கேட்டு, உங்களுக்குப் பிடித்த மரத்தை உங்கள் கையாலேயே வெட்டிக்கொண்டு வாருங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கென்றே தனிப் பண்ணைகள் உண்டு. டிசம்பர் பிறந்ததும் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே சென்று, ஃபிரேசர் ஃபர், டக்ளஸ் ஃபர் முதலிய மரங்களைத் தாமே தேர்ந்து அறுத்து, வண்டியின் தலையில் கட்டிக்கொண்டு திரும்புவதை ஒரு திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஆறேழடி உயரமுள்ள ஒரு மரத்தை உருவாக்க அந்தப் பண்ணையாளர்கள் ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நம் கடற்கரை மணலிலோ, நட்டு இரண்டு மழைக்காலம் கண்ட சவுக்கு, ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரப் பண்ணை என்று பெயர்ப்பலகை மாட்டிய இடம் எதுவும் இல்லை. நுழைவுச் சீட்டு இல்லை. வழிகாட்டும் அம்புக்குறி இல்லை. காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் பந்தற்காலுக்கும் விறகுக்குமாகச் சவுக்குப் பயிரிடும் விவசாயிகளின் சொந்த நிலங்கள்தாம் இவை. ஆகையால் நீங்கள் அங்கே வாடிக்கையாளராகப் போவதில்லை, விருந்தாளியாகப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

சவுக்கைப் பற்றி இரண்டொரு விஷயம் தெரிந்துகொண்டு போனால் தோப்புக்குள் நிற்கும் ஆனந்தம் இரட்டிப்பாகும். பார்வைக்குப் பைன் மரத்தின் இனம்போலத் தோன்றினாலும் இது அந்த ஜாதியைச் சேர்ந்ததே அன்று. ஊசியிலை என்று நாம் எண்ணுவது இலையல்ல, மெல்லிய பச்சைக் கிளை. அதில் ஒன்றைப் பறித்து இரு முனையையும் பிடித்து இலேசாக இழுத்தால், கரும்பைப் போலக் கணுக்கணுவாகக் கழன்று வரும். கழன்ற ஒவ்வொரு கணுவின் விளிம்பிலும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஆறு முதல் எட்டுவரை நுண்ணிய பற்கள் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தாம் உண்மையான இலைகள். குழந்தைகளிடம் ஒரு கொத்தைக் கொடுத்து இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அரைமணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். வேரில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனக்கு உணவாக்கிக்கொள்ளும் சக்தி இதற்கு இருப்பதால்தான், வேறொன்றும் எளிதில் வளராத வெறும் மணலில் இது இத்தனை செழிப்பாக நிற்கிறது.

இத்தனைக்கும் இது இந்த மண்ணின் பூர்விக மரம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புகைவண்டிகளுக்கு எரிபொருள் வேண்டும் என்ற காரணத்தால் ஆங்கில அரசாங்கத்தார் நம் கடற்கரைகளில் இதைப் பெருவாரியாகப் பயிர்செய்தார்கள். 1740இல் கடலூருக்கு வந்து தேவாலயப்பணி செய்த கீர்னாந்தர் போதகர் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு, சவுக்கின் நிழலென்பது இன்னதென்றே தெரிந்திருக்க நியாயமில்லை. வந்தேறிய மரம் இன்று இந்தக் கரையின் சொந்தப் பிள்ளையாகி, மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் எத்தனையோ வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவின் அலங்காரமாகவும் ஆகிவிட்டது.

நான் குடும்பத்துடன் போன தோப்பு, திருச்சோபுரத்துக்குப் போகும் வழியில், சாலையைவிட்டு விலகிய மணற்பாங்கில் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு ஈடான இடம் மாவட்டத்தில் வேறில்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஞானசம்பந்தர் பாடிய திருச்சோபுரநாதர் கோயில் ஒருபுறம், தென்னையும் முந்திரியும் மறுபுறம், இடையே வரிசை பிசகாமல் நிற்கும் சவுக்கு. கடற்காற்று தோப்பின் தலையில் ஏறியவுடன் எழும் ஓயாத ஓசை, கடலின் இரைச்சலோ மரத்தின் இரைச்சலோ என்று பிரித்தறிய முடியாதபடி செவியை நிறைக்கும். கீழே பல மாதச் சருகு மெத்தையாகப் படிந்து, மழை பெய்த மறுநாள்கூடக் காலில் சேறு ஒட்டாது. காலை எட்டு மணிக்கு முன் போங்கள். வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில், ஒவ்வொரு கிளை நுனியிலும் பனித்துளி தொங்குவதை ஒருமுறை கண்டவர், வீட்டுக்கு வந்து ஜிகினாவும் பஞ்சும் தேடமாட்டார்.

தோப்புக்காரர் அறுபதைக் கடந்தவர். மல்லாட்டையும் எள்ளும் சவுக்குமாக மாற்றி மாற்றிப் பயிரிட்டு வாழ்பவர். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், “அதுக்கென்னா சார், எங்க வூட்டுப் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி ஒங்களுக்கு இது. புள்ளைங்களக் கூட்டிக்கினு உள்ள போயி எது புடிக்குதோ பாருங்க” என்று சொல்லிக் கொடுவாளையும் எடுத்துக் கொடுத்தார். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த அந்த ஒரே காலையில், இன்னும் ஓராண்டில் வெட்டுக்கு வரவேண்டியிருந்த தம் மரமெல்லாம் இடுப்பொடிந்து சாய்ந்ததையும், அதற்குப் பின் மறுபடி கடன் வாங்கி நட்டதையும் அவர் எவ்வித ஆயாசமும் காட்டாமல் விவரித்தபோது, நாம் ஓர் இரவு அலங்காரத்துக்குக் கேட்கும் மரம் அவருக்கு நாலைந்து வருஷத்து ஜீவனம் என்பது எங்களுக்கு நன்றாக உறைத்தது.

மரம் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தோப்பின் நடுவே போகாதீர்கள். மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நட்டிருப்பதால், நடுமரங்கள் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக உயர்ந்து, கீழ்க்கிளை காய்ந்து, வெறுங்கழியாக நிற்கும். சாரத்துக்கு அது உத்தமம், கிறிஸ்துமஸுக்கு உதவாது. வரப்போர வரிசையில், ஒரு பக்கமாவது திறந்த வெளியைப் பார்த்து நிற்கும் இளமரம் அடியிலிருந்தே கிளைவிட்டு அடர்ந்திருக்கும். அதிலும் சின்னஞ்சிறு மரக்காய்கள் கொத்தாகப் பிடித்த மரமாகப் பாருங்கள். அந்தக் காய்களைவிட அழகான தொங்கல் எந்தக் கடையிலும் கிடையாது. வெட்டு நடந்துகொண்டிருக்கும் தோப்பாக அமைந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்: கழியை லாரிக்கு ஒதுக்கியபின் கழிக்கும் நுனிப்பகுதி, ஐந்தாறடி நீளத்தில், கூம்பு வடிவத்தில், நீங்கள் தேடிவந்ததைவிட லட்சணமாகவே கிடைக்கும், வளரும் மரம் ஒன்றை வெட்டவேண்டிய அவசியமும் இராது. நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வது இதையே.

இனி ஓர் எச்சரிக்கை. நெடுஞ்சாலை முனையில் நின்றுகொண்டு, வெளியூர் வண்டி எண்ணைக் கண்டவுடன், “சார், கிறிஸ்மஸ் மரந்தானே? நம்ம தோப்பு இருக்குது, வாங்க” என்று மோட்டார் சைக்கிளில் முன்னே போய் அழைக்கும் ஆசாமிகளை ஒருபோதும் பின்தொடராதீர்கள். அப்படிப்பட்ட ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது கடலோரத்துக்கு. அலையடிக்கும் கரைக்கு நேர் மேலே, கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவில் அரணாக நிற்கும் சவுக்கு வரிசையைக் காட்டி, எது வேண்டுமானாலும் வெட்டலாம், மரத்துக்கு எண்ணூறு ரூபாய் என்றார். நிலம் யாருடையது என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. அதற்குள் அவருடைய கையாள் ஒருவன் ஒரு மரத்தின் அடியில் கொடுவாளை ஓங்கியும்விட்டான். அப்போது மீன்கூடையோடு அவ்வழியே வந்த ஒரு முதிய அம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, “டேய், அந்த அலை வந்தப்ப எங்க புள்ளைங்க புடிச்சிக்கினு நின்ன மரம்டா இது! இதுல கைய வச்ச, நடக்கறதே வேற!” என்று போட்ட சத்தத்தில் அந்த மனிதர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார், முன்பணமாகக் கேட்டு வாங்கிய ரூபாயை எவ்வளவு கேட்டும் திருப்பித் தரவில்லை. பணம் போனது பெரிதல்ல. கிறிஸ்துமஸின் மறுநாளாகிய 2004 டிசம்பர் 26ஆம் தேதி இந்தக் கரையை ஆழிப்பேரலை அழித்ததும், மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்ததை இதே கடலூர் மாவட்டத்தில் ஆராய்ந்து விஞ்ஞானிகள் 2005இல் எழுதியதும் நாடறிந்த செய்தி. அந்த அரணிலிருந்து ஒரு மரத்தைப் பெயர்த்து, அதன்மேல் நட்சத்திரம் கட்டி, பாலகன் பிறந்தார் என்று பாடுவதைப்போன்ற பாவம் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. கடற்கரையோரக் காப்பு வரிசையில் எவர் அழைத்தாலும் கால் வைக்காதீர்கள். பட்டா நிலத்துத் தோப்பு, சொந்தக்காரர் நேரில், இவ்விரண்டும் இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவதே மேல்.

போக்குவரத்துக்குக் கஷ்டமில்லை. கடலூர்–சிதம்பரம் பேருந்துகள் அடிக்கடி உண்டு. பாசஞ்சர் ரயிலில் வருவோர் ஆலப்பாக்கத்தில் இறங்கலாம். மரத்தோடு திரும்ப வேண்டியிருப்பதால் சொந்த வண்டியோ வாடகைக்கு ஒரு குட்டி யானையோ சௌகரியம். மரத்துக்கு நாங்கள் கொடுத்தது இருநூறு ரூபாய். தோப்புக்காரர் கேட்டது அதிலும் குறைவு. கேட்டதைவிடக் கூட்டிக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

செம்மங்குப்பத்து ரயில்வே கேட்டைக் கடக்கும்போது மட்டும் அவசரம் கூடாது. 2025 ஜூலை 8ஆம் தேதி காலையில் பள்ளி வேன் ஒன்றின்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் உயிரிழந்தது இந்த இடத்தில்தான். கேட் திறந்திருந்தாலும் வண்டியை நிறுத்தி, இருபுறமும் பார்த்து, பிறகே தண்டவாளத்தைக் கடவுங்கள்.

வெட்டும் நாளில் வானிலை அறிக்கையைப் பாராமல் கிளம்பவும் வேண்டாம். டிசம்பர் நமக்குப் புயல் மாதம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் தென்பெண்ணைக் கரையோரம் வெள்ளத்தில் தத்தளித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மழை விட்ட மறுநாள் தோப்பு மிக ரம்மியமாக இருக்கும். மழைக்கு நடுவில் போவது தோப்புக்காரருக்கும் உபத்திரவம்.

மரத்தைக் கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு பொழுது மிஞ்சினால் சாமியார்பேட்டைக் கடற்கரைக்குப் போங்கள். அமைதியும் விரிந்த மணலும் குழந்தைகளுக்குப் போதும். பிச்சாவரம் அற்புதமான இடம்தான், ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் படகுக்குக் காத்திருந்தே பாதி நாள் கழிந்துவிடும். வேறொரு மாதத்துக்கு ஒத்திவையுங்கள். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு அந்த வாரம் போகவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பகுதியைச் சாய்வாக ஒருமுறை சீவிவிட்டு, ஈரமணல் நிரப்பிய வாளியில் ஆழ ஊன்றி, அந்த மணல் காயாதபடி தினமும் தண்ணீர் விடுங்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்றாம் தேதியில் வெட்டிய மரம் புத்தாண்டுவரை பசுமை குன்றாமல் தாங்கும். அதற்கு வெகுநாள் முன்னே வெட்டினால் திருநாளன்றே பழுத்துவிடும். சவுக்கின் கிளை மிருதுவானது; கனமான பொம்மைகளைத் தாங்காது. காகித நட்சத்திரமும் மெல்லிய சரவிளக்கும் போதும். மெழுகுவர்த்தி கூடவே கூடாது. காய்ந்த சவுக்கு எண்ணெய் வார்த்ததுபோலப் பற்றிக்கொள்ளும். மரத்தடியில் குடில் அமைத்து, நாலைந்து நாள் முன்பே தட்டில் முளைக்கவிட்ட கேழ்வரகை அதன் முன் புல்வெளியாகப் பரப்புங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நட்சத்திரத்தைவிட அந்தப் புல்வெளிமேல்தான் பிரியம் அதிகம்.

ஜனவரி 6ஆம் தேதி மூவரசர் திருநாள் முடிந்ததும் மரத்தைத் தெருவில் எறியாதீர்கள். கிளைகளை ஒடித்து வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் சவுக்கு மிளார் வெந்நீர் அடுப்புக்கு முதல்தரமான விறகு. தண்டை முழுசாக வைத்துக்கொண்டால் கொடிக்காலாக இன்னும் சில மாதம் உழைக்கும்.