யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தாய். போனில் தட்டினால் வந்துவிடும். ஆனால் நீயே கண்டுபிடித்துவிடக்கூடிய விஷயம்தான், அட்லஸை எடு.

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் ஏறக்குறைய வடக்கே 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலி 9.8 டிகிரியில். தீர்க்கரேகை இரண்டுக்குமே 80ஐ ஒட்டித்தான். அதாவது பலாலி உங்கள் வீடு இருக்கும் கோவிலம்பாக்கத்துக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கு. அட்சரேகை ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். வித்தியாசம் 3.2, பெருக்கிப் பார், 355 வரும். இதை மதுரையோடு ஒப்பிட்டுப் பார். மதுரை தென்மேற்கில் இருப்பதால் அதற்குப் பிதாகரஸைத் துணைக்கு அழைக்க வேண்டும். விடை 415ஐத் தாண்டும். வெளிநாட்டு யாழ்ப்பாணம் நம்மூர் மதுரையைவிடப் பக்கம்!

இனி நேரம். இந்த வழியில் ஓடுவது ஏடிஆர் 72 என்கிற, புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம். வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் போல. வகுத்தால் 43 நிமிடம்தான் வரும். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் போட்டிருப்பார்கள். ஏமாற்று இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. ரன்வேக்கு ஊர்ந்து போக வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்துப் பெரிய ரன்வே ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஏறிய பிறகுதான் தெற்கே திரும்ப முடியும். இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துச் சுற்றி வர வேண்டும். குறைந்த தூரப் பயணத்தில் இந்தச் சில்லறை நேரங்களே பாதியைத் தின்றுவிடும். சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். அங்கே இதெல்லாம் கணக்கிலேயே தெரியாது.

ஆனால் இந்த 355 கிலோமீட்டர் பல வருடம் யாருக்கும் பயன்படவில்லை. இலங்கைப் போருக்கு முன்பு பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு விமானம் பறந்தது, பிறகு நின்றுபோனது. யாழ்ப்பாணம் போக நினைத்தவர் கொழும்பில் இறங்கி, வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டியிருந்தது. பலாலி சர்வதேச விமான நிலையமானது 2019 அக்டோபரில். அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது; 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024இல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

உன் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் கதை வேறு. ரேடியல் ரோட்டில் ஈச்சங்காடு சிக்னல், கீழ்க்கட்டளை, பல்லாவரம் எல்லாம் தாண்டி, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பலாலியில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, யாழ் நகருக்கு இன்னும் பதினாறு பதினேழு கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அம்மாவிடம் இதைச் சொல், ஒன்றேகால் மணியைச் சொல்லாதே. காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுக்காமல் விட்டுவிடுவாள்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல் கேள். வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை முனை தெரியும். ஏடிஆரில் இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் மறைக்காது. திரும்பி வரும்போது இடப்பக்கம்.

அன்புடன்,
மாமா