பிரைவேட் கம்பெனியைப் பப்ளிக் ஆக்கலாமா?

கொட்டச்சேடு வட்டாரத்தில் காபிக்கொட்டையும் மிளகும் கொள்முதல் செய்து சேலம் லீ பஜாருக்கு இறக்கும் நம்மில் சிலர், கூட்டு வியாபாரத்தைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருக்கிறோம். "பங்கு வெளியிட்டால் வங்கி வாசலில் நிற்க வேண்டாமே" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

பிரைவேட் கம்பெனியில் பங்குதாரர் 200 பேருக்கு மேல் கூடாது (1956 சட்டத்தில் இது 50). பொதுமக்களிடம் பங்குப் பணம் கேட்கவும் கூடாது. பப்ளிக் ஆக 7 பங்குதாரர், 3 இயக்குநர் போதும். ஆனால் பப்ளிக் லிமிடெட் ஆவது வேறு, பங்குச் சந்தையில் பட்டியலாவது வேறு. இரண்டையும் பலர் குழப்பிக் கொள்கிறார்கள்.

1921ல் தூத்துக்குடியில் நாடார் வணிகர்கள் தொடங்கிய வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அது சந்தையில் பட்டியலானது 2022 செப்டம்பரில்தான். அதுவரை பங்கு பத்திரமாக இருந்தது என்று எண்ண வேண்டாம். 1990களில் பெரும்பகுதி வெளியார் கைக்குப் போய், அதை மீட்கச் சமுதாயத்தார் வருடக்கணக்கில் பாடுபட்டார்கள். 2022 வெளியீட்டில் பங்கு ஒன்று 510 ரூபாய். எல்லாம் புதிய பங்குகள். எனவே பணம் வங்கியின் மூலதனத்தில் சேர்ந்தது. பழைய பங்கை விற்றால் பணம் விற்றவர் பைக்குத்தான் போகும். கடைக்கு ஒரு மூட்டை சரக்கு கூடுதலாக வராது.

நமக்குப் போட்டியாக வந்த டிமார்ட்டையும் பாருங்கள். 2002ல் முதல் கடை. 2017 மார்ச்சில் பங்கு 299 ரூபாய் வீதம் சுமார் 1,870 கோடி திரட்டி, பெரும்பகுதியைக் கடன் அடைக்கவும் புதுக் கடைகளுக்கும் ஒதுக்கினார்கள். பட்டியலான அன்றே விலை இருமடங்கானது. பத்திரிகைகள் வெற்றி என்றன. வியாபாரி கண்ணுக்குச் சரக்கைப் பாதி விலைக்குக் கொடுத்த மாதிரியும் தெரிகிறது. நிறுவனர் தரப்பிடம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பொதுமக்களிடம் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற விதிக்காகப் பிறகு அதைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சிறு கம்பெனிகளுக்கென்று 2012 முதல் தனிச் சந்தை உண்டு. வெளியீட்டுக்குப் பின் மூலதனம் 25 கோடிக்குள் இருந்தால் போகலாம். தரகர்கள் காட்டுவது இந்த வழியைத்தான். அவர்கள் மெதுவாகச் சொல்லும் சங்கதி வேறு: மைத்துனர் எஸ்டேட்டில் வாங்கிய மிளகு, அண்ணன் கிடங்குக்குக் கொடுத்த வாடகை எல்லாம் ஊரறியக் கணக்கில் வர வேண்டும். சொந்தப் பங்கில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம் விற்கவும் முடியாது.

அறுவடை மாதங்களில் தோட்டக்காரருக்கு ரொக்கம் கொடுக்கத் திணறுகிறோம் என்றால், அது மூன்று மாதத் தட்டுப்பாடு. அதற்கு வங்கியின் கேஷ் கிரெடிட் போதும். பங்கைக் கொடுத்தால் லாபத்தில் நிரந்தரமாக ஆள் சேர்ந்துவிடும். சொந்தமாகக் காபி பதப்படுத்தும் ஆலை போடுவதென்றால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் மூன்று வருடக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்து, குடும்பச் செலவுக்கு எடுத்த பணத்தைத் தனியே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.