கந்தரோடையும் மணற்காடும்: ஒருநாள் பயணம்

பழைய நகரமும் பாலைவனமும் பார்க்க ஜெய்சல்மேர்தான் போகவேணும் என்றில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நின்றே இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

• வெயில் ஏறமுன் கந்தரோடை. சைக்கிளே போதும். 1917இல் ஆய்வாளர் போல் பீரிஸ் ஆராயத் தொடங்கிய இடம். முருகைக்கல்லால் ஆன பௌத்த தூபிகள் பெரிதும் சிறிதுமாய், தோளோடு தோள் உரசுவதுபோல நிற்கும். ஏறி இருந்து படம் எடுக்காதீர்கள். வணங்குவோர் வருகிற இடம்.

• திரும்பும் வழியில் சுன்னாகம் சந்தையில் இதரை வாழைப்பழம் ஒரு சீப்பு. மணலில் கடை தேடி அலைய முடியாது. தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர்.

• மூன்று மணிக்குப் பிறகு வல்லிபுரம். 1936இல் பொன்னேடு கிடைத்த ஊர். அங்குள்ள கோவிலில் வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டு மணற்காட்டுக்குப் போங்கள். மணலுக்குள் நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலின் இடிந்த சுவர்களைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம்.

• மத்தியானத்தில் மட்டும் வேண்டாம், மணல் காலைப் பொசுக்கும். கைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றுங்கள். நுண்மணல் எங்கும் புகும்.

• மணற்காட்டை ஒட்டியிருப்பது பழக்கமில்லாத கடல். கரையில் நின்று பாருங்கள், இறங்க வேண்டாம்.