கட்டிலுக்கடியில் நான்கு ரவுட்டர்கள்

போன மாதம் என் மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா கட்டிலுக்கடியிலிருந்து நான்கு பழைய சிஸ்கோ 2811 ரவுட்டர்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே வைத்தார். “கையால தொட்டுப் பழகினாத்தான் சார் வேலைன்னு கோச்சிங் சென்டர்ல சொன்னாங்க. சீட்டுப் பணத்தை எடுத்து ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்தோம்” என்றார். பையனைப் பார்த்தேன். “ரெண்டு ஆன் பண்ணினாலே ஃபேன் சத்தத்துல பாட்டிக்குத் தூக்கம் போயிடுது சார்” என்றான். கன்சோல் கேபிள் இன்னும் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது.

வீட்டில் லேப் போட என்னென்ன வழி உண்டு என்பது நெட்வொர்க்கிங் படிப்புக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, லினக்ஸில் எஃப்ஆர்ஆர், அப்புறம் இந்தப் பழைய பெட்டிகள். பாக்கெட் டிரேசர் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு நல்லது. ஆனால் அது ரவுட்டர் மாதிரி நடிக்கிற மென்பொருள். ஆழமாகப் போனால் சில கமாண்டுகளே இருக்காது. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் நிஜ ரவுட்டரின் மென்பொருளையே ஓட்டும். அதற்கான இமேஜை முறையாகப் பெறுவதுதான் தலைவலி.

பழைய பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணம் போவது அங்கேதான். 2811-இல் கூடவே வருவது இரண்டே ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட். நான்கையும் வட்டமாக மாட்டினால் தீர்ந்தது. குறுக்கே ஓர் இணைப்பு கொடுத்து, ரவுட்டர் எந்தப் பாதையை எடுக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் தனியாக கார்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்விட்ச். சீரியல் கார்டு என்றால் அதற்கென்று ஒரு கேபிள், ஒரு முனையில் கிளாக் ரேட். இப்படிச் செலவு வாலாக நீளும். அதைவிடப் பெரிய குறை, சீட்டுப் பணத்தில் வாங்கியதைக் கலைத்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது. ஒருமுறை ஓஎஸ்பிஎஃப் ஓடிவிட்டால் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். கன்சோலில் நுழைவது, பாஸ்வேர்டை மீட்பது இதற்கெல்லாம் நிஜப் பெட்டி வேண்டும்தான். யாரிடமாவது ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்குங்கள், போதும்.

நான் லினக்ஸ் பக்கம் சாய்ந்தவன், ஒளிக்கவில்லை. 2017-இல் குவாகா என்ற ரவுட்டிங் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த எஃப்ஆர்ஆர் இலவசம். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில், தலைக்கு 512 எம்பி கொடுத்து ஐந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். கமாண்டுகளிலும் சிஸ்கோ வாடைதான்.

அதில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு ரவுட்டருக்கு நடுவே ஒரு முனையில் மட்டும் எம்டியூவை 1500-இலிருந்து 1400 ஆக்கிவிட்டு ஓஎஸ்பிஎஃபை மறுபடி கிளப்புங்கள். பிங் போகும். ஹலோ போகும். ரவுட்டிங் டேபிளில் மட்டும் அந்தப் பக்கத்து நெட்வொர்க் வராது. அவசரக்காரப் பிள்ளைகள் உடனே ஒரு ஸ்டேடிக் ரவுட்டைத் திணித்துவிட்டு ‘ரெடி சார்’ என்பார்கள். ஸ்டேடிக்கின் அட்மின் டிஸ்டன்ஸ் 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, குறைந்ததுதான் ஜெயிக்கும். ஆக, கோளாறு சரியான பிறகும் அந்த ஸ்டேடிக்கே டேபிளில் உட்கார்ந்திருக்கும். நெய்பர் பட்டியலைப் பார்த்திருந்தால் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே மாட்டிக்கொண்டு, ‘ஃபுல்’ வராமல் நிற்பது தெரிந்திருக்கும். டேட்டாபேஸ் விவரத்தைப் பரிமாறும்போது ஒவ்வொரு ரவுட்டரும் தன் எம்டியூவைச் சொல்லும். 1400-காரன் 1500 என்று கண்டதும் அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிடுவான். பிங் சின்னப் பாக்கெட், தப்பித்துப் போய்விட்டது.

நானும் மாட்டியவன்தான். ஒரு மெஷினை நகலெடுத்து, லூப்பேக் முகவரியை மாற்ற மறந்து, இரண்டுக்கும் ஒரே ரவுட்டர் ஐடி ஆகிப்போனது தெரியாமல் விடியவிடிய ஃபயர்வாலைத் திட்டியிருக்கிறேன்.

இன்னொரு மோகம் பிஜிபி. 2021 அக்டோபர் 4 அன்று பிஜிபி ரவுட்டுகள் விலகி ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போலக் காணாமல் போன கதையைக் கேட்டதிலிருந்து, முதல் வகுப்பிலேயே “பிஜிபி எப்ப சார்?” என்கிறார்கள். ஒரு மதியம் ஆர்ஐபி போதும், 15 ஹாப்புக்கு மேல் அதற்குக் கண் தெரியாது என்று பார்த்துவிட்டு நகருங்கள். ஓஎஸ்பிஎஃபில் ஆறு மாதமாவது உழலுங்கள். பிஜிபி அதற்குப் பிறகு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வராத ஒரு ரவுட் ஏன் வரவில்லை என்று இரண்டு மணி நேரம் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலருக்கு அது சோறு தண்ணி மறக்கிற வேலை, சிலருக்குத் தண்டனை. தண்டனையாக இருந்தால் கோடிங்கோ கணக்கோ வேறொன்றுக்கு விடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. பிடித்திருந்தால் ஒரு வருடம் அவனை அவசரப்படுத்தாதீர்கள், ‘பக்கத்து வீட்டுப் பையன் ப்ளேஸ் ஆயிட்டான்’ என்று சாப்பாட்டு வேளையில் ஆரம்பிக்காதீர்கள்.

அந்த நான்கு ரவுட்டர்களையும் இப்போது விற்கப் பார்க்கிறார்கள். கடைக்காரர் எடைக்குத்தான் கேட்கிறாராம்.