தூரத்துத் துயரும் நமது கடமையும்

2010ஆம் ஆண்டு தை 12ஆந் திகதி ஹெயிட்டி நாட்டைப் பூகம்பம் உலுக்கியது. தலைநகரின் பேராலயம் இடிந்தது. பேராயர் ஜோசப் சேர்ஜ் மியோவும் மாண்டார். துறைமுகம் சேதமுற்றது, விமான நிலையத்திலோ ஓடுபாதை ஒன்றே.

இத்தகைய செய்தி கேட்டதும் வீட்டிலுள்ள பழைய உடுப்புகளைக் கட்டி அனுப்ப மனம் துடிக்கும். துடிப்பது நல்லதே. ஆனால் கேளாமல் அனுப்பும் பொதிகள், மருந்தும் தண்ணீரும் இறங்க வேண்டிய இடத்தை அடைத்துவிடும். 2004 மார்கழிக் கடல்கோளின் பின் நமது நாட்டுக்கும் குளிர்கால உடுப்புகள் வந்தன அல்லவா?

அப்போஸ்தலர் பணி 11ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பஞ்சம் வருமென்று அகபு முன்னறிவித்தபோது அந்தியோக்கியாச் சீடர் என்ன செய்தனர்? அவரவர் வசதிக்கேற்பக் கொடுத்தனர். நம்பிக்கைக்குரிய பர்னபா, சவுல் கையில் ஒப்படைத்தனர். யூதேயாவின் தேவையை அறிந்த அவ்விடத்து மூப்பரிடமே அது சேர்ந்தது.

புனித சின்னப்பரோ கொரிந்தியரிடம், வாரத்தின் முதல் நாள்தோறும் சிறிது ஒதுக்கி வைக்கும்படி கேட்டார். ஒருநாள் இரக்கம் போதாது. ஹெயிட்டி மக்கள் பலர் ஆண்டுக்கணக்காகக் கூடாரங்களில் வாழ்ந்தனர். பத்திரிகைகளோ விரைவில் மறந்துவிட்டன.

அன்பான பெற்றோரே, ஞாயிறுதோறும் பிள்ளைகளின் கையாலேயே சிறுதொகையை ஒதுக்குங்கள். தேவை வரும்போது பங்குத்தந்தை மூலம் கரித்தாஸிடம் சேருங்கள். கொடுக்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இது நமது மனம் ஆறவா, அவர்களது துயர் தீரவா?