ஹார்மோன் மருத்துவமும் குருதிச் சோதனையும்

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் சில உள. அவை சுரக்கும் பொருள் நேரே குருதியிற் கலந்து, உடலெங்கும் சென்று பணி புரிகின்றது. இதனையே ஹார்மோன் என்கிறோம். பெண்ணுடலின் வளர்ச்சியைத் தூண்டுவது எஸ்ட்ரடையால். ஆணுடலின் வளர்ச்சியைத் தூண்டுவது டெஸ்டோஸ்டெரோன். திருநங்கையர் முன்னதையும், திருநம்பியர் பின்னதையும் மருந்தாகப் பெறுவது இன்று முறையான மருத்துவமாகும்.

இம்மருத்துவம் பெறுவோர் குறித்த காலத்தில் குருதியைச் சோதித்தல் வேண்டும். முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டிற்கு ஓரிரு முறையும் சோதிப்பது வழக்கம். வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து பயிலும் மாணவர் ஒருவர், விடுதி அறையில் தனியே அமர்ந்து அச்சோதனைத் தாளைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'உயர்வு', 'தாழ்வு' என்ற குறிகள் தடித்த எழுத்தில் கண்ணிற் படுகின்றன. உடனே அச்சம், அச்சத்தால் மருந்தைத் தாமே கூட்டுதல் அல்லது நிறுத்துதல். இது பேரிடர் தரும். எண்ணைக் கண்டதும் முடிவுக்கு வாராமல், நான்கு வினாக்களை முதலிற் கேட்க வேண்டும்.

முதல் வினா: எந்த அளவையில்? ஹார்மோன்கள் குருதியில் மிக நுண்ணிய அளவிலேயே உள்ளன. எஸ்ட்ரடையாலைப் பிக்கோகிராமில் அளக்கிறோம். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பிக்கோகிராம்! இத்தகைய நுண்மையை அளக்கும் கதிரியக்க முறையை 1950களின் இறுதியில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்னும் இருவர் உருவாக்கினர். யாலோ அம்மையார் அதற்காக 1977இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவை மாறுகின்றது. மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் டெஸ்டோஸ்டெரோன் என்பதும், டெசிலிட்டருக்கு 50 நானோகிராம் என்பதும் ஒன்றே. எஸ்ட்ரடையால் மில்லிலிட்டருக்கு 150 பிக்கோகிராம் என்பதை வேறோர் ஆய்வகம் லிட்டருக்கு ஏறத்தாழ 550 பிக்கோமோல் என்று எழுதும். எண் மாறியது, பொருள் மாறவில்லை.

இரண்டாம் வினா: எந்த நேரத்தில்? ஆடிப் பெருக்கன்று ஆற்றின் ஆழத்தை அளந்தவனும், பங்குனியில் அளந்தவனும் ஒரே விடை கூறுவரோ? ஊசி போட்ட சில நாளில் குருதியில் ஹார்மோன் உயர்ந்து நிற்கும். அடுத்த ஊசிக்கு முதல் நாள் தாழ்ந்திருக்கும். மாத்திரையை நாவின் கீழ் வைத்துக் கரைத்தால் ஒரு மணி நேர அளவில் வெகுவாக ஏறி, விரைவில் இறங்கும். ஆதலின் ஒவ்வொரு முறையும், மருந்து எடுத்து அதே கால இடைவெளியில் குருதி கொடுத்தால்தான் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட இயலும். களிம்பாகப் பூசுவோர், பூசிய கையிலேயே குருதி எடுக்கவிடலாகாது. தோலில் ஒட்டிய மருந்து கலந்து எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். முடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரையும் சில சோதனை முறைகளைக் குழப்பும். அதனை உண்பவர் ஆய்வகத்தாரிடம் முன்னரே கூறுதல் நன்று.

மூன்றாம் வினா: யாரோடு ஒப்பிட்டு? தாளின் ஓரத்தில் உள்ள இயல்பு அளவு, பதிவிற் கண்ட பாலினத்தை ஒட்டி அச்சாவது. ஆண் எனப் பதிந்த திருநங்கைக்கு எஸ்ட்ரடையால் 150 என்றால் 'உயர்வு' என்று வரும். ஆனால் 2017இல் வெளியான உட்சுரப்பியல் சங்க வழிகாட்டி திருநங்கையர்க்குக் கூறும் இலக்கே 100 முதல் 200 பிக்கோகிராம்தான். டெஸ்டோஸ்டெரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ். ஹீமோகுளோபினும் இவ்வாறே. ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழும், பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழும் சோகை என்பர். மருத்துவம் தொடர்ந்து பெறும் திருநங்கைக்கு 12.5 என்பது பெண்ணின் அளவுப்படி குறையன்று. திருநம்பிக்கோ டெஸ்டோஸ்டெரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். ஆகவே ஆணின் அளவோடு ஒப்பிட வேண்டும். எனினும் குருதியில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54ஐத் தாண்டினால் அது எந்த அளவுப்படியும் மிகையே. மருத்துவரை உடனே காண வேண்டும்.

நான்காம் வினா: எப்பொருளை அளந்தது? இதுவே தலையாயது. மருத்துவரை நாடக் கூசியோ, வழியின்றியோ, சிலர் கடையிற் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை விழுங்குகின்றனர். அதிலுள்ளது பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ரடையால். பெயர் ஒத்திருப்பினும் பொருள் வேறு. எஸ்ட்ரடையால் சோதனை அதனை அளப்பதில்லை. எண் தாழ்ந்தே நிற்கும். 'மருந்து போதவில்லை' என எண்ணி மாத்திரையை மேலும் கூட்டினால், எண் ஏறாது. குருதி நாளங்களிற் கட்டி உறையும் இடர்தான் ஏறும். எண் குறைவு என்பது மருந்து குறைவு என்பதற்குச் சான்றாகாது.

ஹார்மோனை மட்டும் நோக்குவதும் போதாது. ஸ்பைரனோலாக்டோன் உண்போர்க்குப் பொட்டாசியம் உயரக்கூடும். மிகுந்தால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். குருதி எடுக்கையில் அணுக்கள் சிதைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதை மறு சோதனையால் அறியலாம். ஆயினும் அதனை நாட்கடத்தலாகாது.

ஆகவே நண்பர்களே, தாளின் பின்புறம் நான்கு குறிப்புகளை எழுதுங்கள்: மருந்தின் முழுப் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம், குருதி கொடுத்த நேரம். அத்தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். காலொன்று வீங்கி வலித்தாலோ, மார்பு வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, எந்தத் தாளுக்கும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். தனியே செல்லத் தயங்கும் தோழர் ஒருவர் உடன் வர அழைத்தால், காரணம் கேளாது உடன் செல்வது நம் கடமை.